வீட்டுத் தையல் இயந்திரமும் கணினியும்

கணினித் தையல் இயந்திரம் என்பது ஊசி பக்கவாட்டில் அசையும் அளவையும் துணி நகரும் அளவையும் ஒரு நுண்செயலி தீர்மானிக்கும் வீட்டுத் தையல் இயந்திரமாகும். 1970களின் இறுதியில் இது விற்பனைக்கு வந்தது. பெயரைக் கேட்டால் தைக்கும் வேலையையே கணினி ஏற்றுக்கொண்டது போலத் தோன்றும். உண்மையில் துணியில் தையல் விழும் முறை 1850களில் இருந்த அதே முறைதான். வீட்டில் ரவிக்கை, சட்டை, சுடிதார் தைப்பதற்காக இதை வாங்குவோர் எது மாறியது, எது மாறவில்லை என்று அறிந்துகொண்டால் தேவையற்றதற்குப் பணம் கொடுக்க வேண்டியிராது.

பூட்டுத் தையல்

பிரான்சைச் சேர்ந்த தையல்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830இல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் ராணுவச் சீருடை தைக்க அவருடைய இயந்திரங்களைக் கொண்டு ஒரு பட்டறை அமைந்தது. பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831இல் உள்ளே புகுந்து இயந்திரங்களை உடைத்தனர்.

திமோனியேயின் இயந்திரம் போட்டது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் உருவிக்கொண்டு வருமே, அதுதான் சங்கிலித் தையல். உடுத்தும் உடைக்கு அது போதாது. அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசியின் காது அதன் கூர்முனைக்கு அருகில் இருந்தது. ஊசி கொண்டுவரும் மேல்நூல் சிறு வளையமாக விரியும்போது, அந்த வளையத்தின் ஊடே கீழ்நூலைச் சுமந்த ஓடம் கடந்து செல்லும். இரண்டு நூல்களும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் இது பூட்டுத் தையல் எனப்பட்டது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் பிரியாது.

ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் ஊசி மேலும் கீழுமாக நேராக இயங்கியது. துணி தட்டையான மேடைமீது கிடந்தது, அதை ஒரு பாதம் அழுத்திப் பிடித்தது. ஹோ தொடுத்த வழக்கில் சிங்கர் தோற்றார். பின்னர் 1856இல் முக்கிய உற்பத்தியாளர்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பகிர்ந்துகொண்டனர். அதே ஆண்டில் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறை விற்பனையைத் தொடங்கினார். சாதாரணக் குடும்பம் மொத்தமாகக் கொடுத்து வாங்க முடியாத விலையில் இருந்த பொருள் வீட்டுக்குள் வந்ததற்கு, பொறியியலைவிட இந்தத் தவணை செய்த உதவி பெரிது எனலாம்.

வீலர் அண்ட் வில்சன் நிறுவனம் 1860களின் தொடக்கத்தில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடமும், இயந்திரத்தில் தைக்க 1 மணி 16 நிமிடமும் ஆகும் என்றது அது. விற்பவரே சொன்ன கணக்கு என்பதை மனத்தில் கொண்டாலும் வித்தியாசம் மிகப் பெரியது. பின்னாளில் வந்த கணினி இப்படியொரு பாய்ச்சலை உடை தைப்பதில் உண்டாக்கவில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயைச் சேர்ந்த பார்சி வணிகர் என். எம். படேல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிங்கரின் தலைமை முகவராக இருந்தார். இலங்கையில் சிங்கரின் வணிகம் 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் தொடங்கியது. 1930களில் கல்கத்தாவின் ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் 'உஷா' என்ற பெயரில் இந்திய இயந்திரத்தைக் கொண்டுவந்தது.

பெரும் இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் நடத்திய உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு அன்பினால் சிங்கர் அதை உருவாக்கியதாக அவர் கருதினார். வரலாற்றில் தெரியும் சிங்கர், நாடக நடிகராகவும் கைதேர்ந்த வியாபாரியாகவும் இருந்தவர். பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். காந்தி சொன்ன கதை ஹோவுக்குத்தான் ஓரளவு பொருந்தும். அவர் நோயுற்றிருந்த நாட்களில் மனைவி துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார் என்று கூறப்படுகிறது.

தமிழ்நாட்டில் தையல் இயந்திரம் சீர்வரிசைப் பொருளாகவும், துணையற்ற பெண்களின் பிழைப்புக்கு வழியாகவும் ஆனது. ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் அரசுத் திட்டம் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் நடைபெறுகிறது. ஊர்களில் பரவலாகப் புழங்கும் மிதி இயந்திரம் போடுவது ஒரே ஒரு தையல்தான், நேர்த்தையல். அதைக் கொண்டே தலைமுறைகள் ரவிக்கை தைத்திருக்கின்றன என்பது பெட்டியில் அச்சிட்ட தையல் எண்ணிக்கையைப் பார்க்கும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

ஜிக்ஜாக்

நேர்த்தையலுக்கு ஒரு குறை உண்டு. பனியன் துணி போல இழுபடும் துணியில் அதைப் போட்டால், துணி விரியும்போது நூல் அறுந்துவிடும். வெட்டிய ஓரத்தில் பிசிறு வருவதையும் அது தடுக்காது. இரண்டுக்கும் தீர்வு ஊசி இடமும் வலமுமாக அசைந்து போடும் ஜிக்ஜாக். அமெரிக்காவின் ஹெலன் பிளான்சர்ட் 1873இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டு இயந்திரத்துக்கு அது பரவலாக வந்துசேர 1930களும் 40களும் ஆயின. இத்தாலியின் நெக்கி, சுவிட்சர்லாந்தின் பெர்னினா ஆகிய நிறுவனங்கள் இதில் முன்னின்றன.

ஜிக்ஜாக்கிலிருந்து பூவேலைத் தையலுக்குப் போகும் வழி 'கேம்' என்ற தகடு. விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய வட்டத் தகடு சுழலும்போது, அதைத் தொட்டு நிற்கும் நெம்புகோல் அந்த மேடுபள்ளத்துக்கேற்ப ஊசியை நகர்த்தும். ஒரு தகட்டுக்கு ஒரு கோலம். 1950களின் இயந்திரங்கள் 'எத்தனை தையல்' என்று எண்ணிக்கை சொல்லி விற்கப்பட்டது இங்கிருந்துதான் தொடங்கியது.

தகட்டின் இடத்தில் எண்கள்

சிங்கர் 1975இல் 'அதீனா 2000' என்ற மின்னணு இயந்திரத்தை வெளியிட்டது. கேம், நெம்புகோல் என 350 உதிரிபாகங்கள் செய்துவந்த வேலையை அதில் ஒரு சில்லு செய்தது. 1979இல் ஜப்பானின் ஜனோமே, நினைவகம் கொண்ட 'மெமரி 7' இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஜனோமே என்றால் ஜப்பானிய மொழியில் பாம்பின் கண். நீண்ட ஓடத்துக்குப் பதிலாக அந்நிறுவனம் பயன்படுத்திய வட்டமான பாபின் பாம்பின் கண்ணை ஒத்திருந்ததால் வந்த பெயர் அது. 1990இல் வந்த அதன் 'மெமரி கிராஃப்ட் 8000', எம்பிராய்டரியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி நின்டெண்டோவின் கேம் பாய் விளையாட்டுக் கருவியை இணைத்து இயக்கும் தையல் இயந்திரம்கூட வந்தது.

இவற்றின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு மோட்டார் ஊசியை மேலும் கீழும் இயக்குகிறது. சிறிய ஸ்டெப்பர் மோட்டார்கள் ஊசியைப் பக்கவாட்டிலும், துணியை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. எந்தக் குத்துக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பது நினைவகத்தில் எண்களாக இருக்கிறது. கீழே பாபினும் கொக்கியும் பழையபடி பூட்டுத் தையலையே போடுகின்றன. தகடு செய்யச் செலவு உண்டு, எண்களைச் சேர்க்க ஏறக்குறைய இல்லை. 20 தையல் உள்ள இயந்திரத்தை 200 தையல் உள்ளதாக ஆக்குவது தயாரிப்பாளருக்குப் பெரிய காரியமன்று. இதே காலத்தில் ஆயத்த ஆடை மலிந்து, பெண்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியதால் அமெரிக்க வீடுகளில் உடை தைப்பது குறைந்தது. 1986இல் சிங்கர் நிறுவனம் தன் தையல் பிரிவையே பிரித்துவிட்டது. எஞ்சியவர்களில் பலர் பொழுதுபோக்காகத் தைப்பவர்கள். பூவும் எழுத்தும் தைக்கும் வசதிகள் பெருகியது பெரும்பாலும் அவர்களுக்காக.

உடை தைப்பவரின் தேர்வு

உடைக்குத் தேவைப்படும் தையல்கள் பத்தைத் தாண்டுவதில்லை: நேர்த்தையல், ஜிக்ஜாக், மூன்று குத்து ஜிக்ஜாக், இழுபடும் துணிக்கான தையல், ஓரம் கட்டும் தையல், வெளியே தெரியாத மடிப்புத் தையல், காஜா. ஓரம் கட்டும் தையல் பிசிறைத் தடுக்கும். ஆனால் ஓவர்லாக் இயந்திரத்தைப் போலத் துணியை வெட்டிக்கொண்டே போகாது.

இந்தப் பட்டியலில் கணினியின் உண்மையான கொடை காஜாதான். சட்டையைத் தைத்து முடித்துவிட்டுக் காஜா எடுக்கத் தனிக் கடைக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. கணினி இயந்திரத்தின் காஜா பாதத்தில் பட்டனை வைத்தால், அதன் அளவுக்கு ஏற்ப எல்லாக் காஜாக்களும் ஒரே நீளத்தில் விழும். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிற்பது, வேகத்தின் உச்சவரம்பைக் குறைத்து வைப்பது ஆகியவையும் பயனுள்ளவை. கழுத்து வளைவிலும் பைப்பிங்கிலும் இவற்றின் அருமை தெரியும். தொடக்கக்காரருக்கு இவை நூறு பூத்தையல்களைவிட மேலானவை.

மற்ற முக்கியமானவை கணினியைச் சாராதவை. பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஷிஃபான் சுருங்கும், தடித்த துணி நகராது. பாதம் போதிய உயரம் எழ வேண்டும். உள்சட்டம் உலோகத்தாலானதாக இருந்தால் அதிர்வு குறையும். கடையில் காட்டப்படும் விறைப்பான பருத்தித் துணியில் எந்த இயந்திரமும் அழகாகவே தைக்கும். வாங்குபவர் தம் வீட்டிலிருந்து ஒரு ஷிஃபான் துண்டையும், ஜீன்ஸ் கால்மடிப்பையும் கொண்டுபோய் மெதுவான வேகத்தில் தைத்துப் பார்ப்பது நல்லது. மெதுவாகப் போகும்போதும் ஊசி தடுமாறாமல் குத்தி இறங்கினால் மோட்டார் கட்டுப்பாடு தரமானது.

வீட்டுக் கணினி இயந்திரங்கள் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 1000 குத்துகள்வரை போடும். திருப்பூர்த் தொழிற்சாலைகளில் உள்ளவை போன்ற நேர்த்தையல் இயந்திரங்களின் உச்ச வேகம் 5000 அளவில் இருக்கும். நாள் முழுதும் கூலிக்குத் தைப்பவருக்கு வீட்டு இயந்திரம் ஏற்றதல்ல. மோட்டார் பொருத்திய பழைய நேர்த்தையல் இயந்திரமோ, தொழில்முறை இயந்திரமோ அவருக்குச் சிக்கனமானது. பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. மிதி இயந்திரத்தை எண்ணெய்க் குப்பியும் திருப்புளியும் வைத்திருக்கும் தெருமுனை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். சுற்றுப்பலகை பழுதானால் நிறுவனத்தின் சேவை மையத்தில்தான் மாற்ற முடியும். ஆகவே அந்த மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பது விலைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. மின்மாற்றி இல்லாமல் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் முதல் நாளே கருகிவிடக்கூடும்.

மின்தடை நேரத்தில் கணினி இயந்திரம் நின்றுவிடும். கணினி இயந்திரம் வாங்கிய பல வீடுகளில் பழைய மிதி இயந்திரமும் சன்னலோரத்திலேயே இருக்கிறது. பக்கத்தையலைப் பிரித்துத் தளர்த்துவதற்கும் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதற்கும் அதையே திறக்கிறார்கள்.