கயிறு பிடித்த கையும் இரட்டைக் காற்றுக்கலனும்



தேக்காவில் மாணவர்களை மரபுடைமை நடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் முன் சற்று நிற்பதுண்டு. அங்கே தொங்கும் முத்துச் சரங்கள் பெரும்பாலும் வளர்ப்பு முத்துகளே. இயற்கை முத்துக்காக நம் முன்னோர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கினர். இன்றோ, கரையிலிருந்து தன்னந்தனியாகக் கடலில் இறங்கும் முக்குளிப்பாளர், இலேசான இரண்டு காற்றுக்கலன்களை முதுகில் சுமந்து செல்கிறார். இவ்விரண்டையும் இணைப்பது ஒரே கேள்விதான்: நீருக்கடியில் ஒன்று தவறினால் காப்பது யார்? அக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இப்பதிவில் காண்போம்.

கொற்கையும் கீழக்கரையும்

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்புளூசு’ என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் நடந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது கூறுகிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் இத்தொழில் தனித்திறன் பெற்ற சமூகங்களின் கைக்கு வந்தது. தூத்துக்குடிக் கரையின் பரதவரும், கீழக்கரைக் கடலோர முஸ்லிம்களும் அவர்களுள் முதன்மையானோர். நம் ஆசிரியர்கள் நன்கறிந்த உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் பெயருக்கு உரிய புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியும், 17-ஆம் நூற்றாண்டில் இதே கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகரே.

கல்லும் கயிறும்

முத்துக்குளிப்போரின் கருவிகள் மிக எளியவை: ஒரு கல், இரண்டு கயிறுகள், ஒரு வலைப்பை. கல்லைக் கட்டிய கயிற்றில் கால் நுழைக்க ஒரு வளையம் இருக்கும். குளிப்பவர் அதில் காலை ஊன்றி, மூச்சை நிறைத்து, மூக்கைக் கையால் பொத்திக்கொள்வார். கல் அவரை விரைவாக அடித்தரைக்கு இழுத்துச் செல்லும். கீழ்நோக்கி நீந்துவதற்குச் செலவாகும் மூச்சு இதனால் மிச்சமாகும். தரையைத் தொட்டதும் அவர் கல்லை விடுவார். படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ‘பார்’ எனப்படும் அச்சிப்பிப் படுகைகள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில், அதாவது 9 முதல் 18 மீட்டருக்குள், அமைந்தவை. ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் சேர்த்துவிட்டு, இரண்டாம் கயிற்றை அவர் சுண்டுவார். மேலிருப்பவர் உடனே இழுக்க வேண்டும்.

இருவர் ஒரு கல்லைப் பகிர்ந்துகொண்டு மாறிமாறி மூழ்குவதும் வழக்கம். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் இளைப்பாறுவார்.

இங்கே உயிர் முழுவதும் கயிறு பிடிப்பவரின் கவனத்தில் தங்கியிருக்கிறது. ஆகவேதான், மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க அமர்த்துவார்கள் என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுகிறது. தங்கையின் தாலி தன் கையில் என்பதை அவன் மறக்கமாட்டான் அன்றோ! ‘மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்’ என்னும் பழமொழியை இதனோடு சேர்த்துச் சொல்வோரும் உளர்.

மனத்துணிவுக்கும் ஒரு காவலர் தேவைப்பட்டார். சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரக்காரர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட இவர்களைப் பிரித்தானிய ஆட்சியும் 19-ஆம் நூற்றாண்டில் விலக்கவில்லை. அவர் இல்லாமல் குளிப்போர் நீரில் இறங்க மறுத்ததே காரணம்.

கயிறு அறுந்த காலம்

1905-இல் இலங்கையின் மன்னார்க் கரையில் மிகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்த ஆண்டே ஒரு நிறுவனம் அப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆயினும் 1907-க்குப் பின் சிப்பிகள் அருகிப்போயின. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடைபெற்றது.

இதற்கிடையே 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞனும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றைத் தரும் ‘அக்குவாலங்’ கருவியை உருவாக்கினர். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்களும் இத்தகைய கருவியை அணிந்து முத்துப்பார்களை ஆராய்ந்தனர். ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாக நீண்டது. ஆனால் மேலிருந்து கயிறு பிடிக்கும் கை மறைந்தது.

அதற்கு ஈடாக வந்ததே இணைமுக்குளிப்பு. இருவர் அருகருகே சென்று, ஒருவரின் காற்று தடைப்பட்டால் மற்றவர் தம் காற்றைப் பகிர்வர். துணையின்றிச் செல்வோர் தம் துணையைத் தாமே சுமக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கலன் அதுதான்.

இரண்டு சிறிய கலன்கள்

ஆழம் குறைந்த கரையோர முக்குளிப்பிற்கு மணலிலும் பாறையிலும் நடந்தே நீருக்குள் செல்ல வேண்டும். பெரிய கலன்கள் இரண்டைச் சுமப்பது முதுகை முறிக்கும் வேலை. எனவே சிறிய கலன்கள் இரண்டைப் பயன்படுத்துகின்றனர். இதன் கணக்கு உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் விளங்கும்.

வழக்கமான அலுமினியக் கலன் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். வெற்று எடை சுமார் 14 கிலோ. 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய கலனின் எடை ஏறத்தாழ அதில் பாதி. ஆக, சிறியவை இரண்டும் பெரியது ஒன்றும் எடையிலும் காற்றிலும் ஏறக்குறைய சமம். ஆனால் பெரியதில் ஒரு வால்வு பழுதானால் முழுக் காற்றும் போய்விடும். தனித்தனியான இரண்டில் பாதி எஞ்சும். இந்த நன்மை கிடைக்க, ஒவ்வொரு கலனுக்கும் தனி மூச்சுச் சீராக்கியும் தனி அழுத்தமானியும் இருத்தல் வேண்டும். வால்வுகள் கைக்கு எட்ட வேண்டும். பயன்படுத்தாத வாய்க்கருவியை மீள்கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால் தேட வேண்டியிராது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. நீர்மட்டத்தில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 40 லிட்டர் தேவை. பதற்றத்தில் அது 80 ஆகலாம். ஐந்து நிமிடத்தில் மேலே வர 400 லிட்டர் வேண்டும். சிறிய கலனில் அது 70 பார் அழுத்தத்திற்குச் சமம். ஆகவே எந்தக் கலனையும் 70 பாருக்குக் கீழே செல்ல விடலாகாது. 200 பார் நிரப்பிய இரண்டிலும் இவ்வாறு ஒதுக்கிவிட்டால், எஞ்சுவது சுமார் 37 நிமிடக் காற்றே. கலன்களை மாறிமாறிப் பயன்படுத்தி இரண்டின் அளவையும் நெருக்கமாக வைத்திருப்பதே ஒழுங்கு. ஒரு கல்லில் மாறிமாறி மூழ்கிய அவ்விருவரை இது நினைவூட்டுகிறது.

கலன் செய்ய இயலாதது

இரண்டாவது கலன் காற்றைத் தரும். மயங்கியவரை அது தூக்காது. கைவிடப்பட்ட வலையில் சிக்கியவரை விடுவிக்காது. பூலாவ் ஹந்து போன்ற நம் தீவுகளைச் சுற்றிய கலங்கல் நீரில், இருவராகச் சென்றாலும் ஒருவரையொருவர் காணாமற்போவது எளிது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011-இல் பாடி அமைப்பு தொடங்கிய தற்சார்பு முக்குளிப்புப் பயிற்சியில் சேர, 18 வயதும் 100 முக்குளிப்புகளின் அனுபவமும் வேண்டும் என்று விதித்ததன் காரணம் இதுவே. கடல்மேல் ஆர்வம் கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் இருத்துதல் நலம்.

வகுப்பில் முத்துக்குளிப்பைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் மூழ்கியவரின் வீரத்தையே பேசுகிறோம். படகில் அமர்ந்து, கயிற்றின் ஒரு சுண்டலுக்காகக் காத்திருந்தவரையும் சேர்த்துச் சொல்வோம். மூழ்கியவரின் திறமை முத்தைக் கொணர்ந்தது. அவரை வீட்டிற்குக் கொணர்ந்தது மற்றவரின் கவனம். அந்தக் கவனத்தை எவ்வளவு இலேசான கருவியாலும் முழுமையாகச் செய்துவிட முடியவில்லை.

பாடத்தில் இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களின் மறுமொழிகளைப் பகிர்ந்துகொண்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
தமிழாசிரியர்