கூதிர்காலக் கீரை சாலட்: பழமும் பன்னீரும் சேர்த்துப் பாதுகாப்பாகச் செய்யும் முறை

சாலட் என்பது கீரை, காய், பழம் ஆகியவற்றை எண்ணெயில் வதக்காமல், புளிப்பும் காரமும் சேர்ந்த ஒரு கலவையுடன் கலந்து உண்ணும் உணவாகும். பெயர் புதிதாயினும் உணவு நமக்குப் புதிதன்று. இராமநவமியன்று பானகத்துடன் வழங்கப்படும் கோசுமல்லியும், யாழ்ப்பாணத்து வீடுகளில் தேங்காய்த்துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்யப்படும் வல்லாரைச் சம்பலும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்காலம் என வகுத்தனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் இக்காலத்தில் கொய்யா, மாதுளை, சீத்தாப்பழம் ஆகியவை சந்தைக்கு வருகின்றன. கீரையும் செழித்து வளர்கிறது. ஆனால் மழைநீருடன் கழிவுநீர் கலப்பதும் இக்காலத்தில்தான். எனவே சாலடில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே, அதை எவ்வாறு தூய்மை செய்வது, யார் பச்சையாக உண்ணக்கூடாது என்பவற்றையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

ஏன் உண்ண வேண்டும்?

நாளொன்றுக்குக் கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. காஞ்சிபுரத்தில் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் அமர்ந்து நெய்வோருக்கு உடலசைவு குறைவு. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இடையிடையே சர்க்கரை சேர்த்த தேநீர் என்று உண்ணும்போது மாவுச்சத்து மிகுந்து நார்ச்சத்து குறைகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது நல்லதன்று.

சாலடை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க இது உதவுகிறது. புரட்டாசியில் அசைவம் தவிர்ப்போருக்கும், எப்போதும் சைவம் உண்போருக்கும் பன்னீர் நல்ல புரத உணவு.

தேவையான பொருள்கள் (4 பேருக்கு)

• பசலைக்கொடி இலை அல்லது இளம் பொன்னாங்கண்ணி – 150 கிராம்
• கொத்தமல்லி, புதினா – ஒரு கைப்பிடி
• வெள்ளரிக்காய் – 1
• கெட்டியான கொய்யா – 1
• மாதுளை முத்துகள் – அரைக் கோப்பை
• பன்னீர் – 150 கிராம்
• வறுத்து இடித்த வேர்க்கடலை – 2 மேசைக்கரண்டி

மேற்கலவைக்கு: கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, வறுத்த சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது, உப்பு கால் தேக்கரண்டி. சர்க்கரையோ தேனோ வேண்டா. பழத்தின் இனிப்பே போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் மேற்கலவைகளிலும் பதப்படுத்திய சீஸிலும் உப்பு மிகுதி. வீட்டில் செய்யும்போது உப்பின் அளவு உங்கள் கையில் உள்ளது.

செய்முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சாயமோ பாவுக் கஞ்சியோ படிந்த கைகளால் உணவைத் தொடாதீர்கள்.

2. ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்து, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் திரியச் செய்யுங்கள். தூய துணியில் வடிகட்டி, கனமான பாத்திரத்தை மேலே வைத்து அரைமணி நேரம் அழுத்தினால் உப்பில்லாத பன்னீர் கிடைக்கும். காய்ச்சாத பாலில் செய்த எந்தச் சீஸையும் கர்ப்பிணிகள் உண்ணலாகாது.

3. அழுகிய, புழு அரித்த இலைகளை நீக்குங்கள். வேரடி மண்ணை வெட்டியெறிந்து, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவுங்கள். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, பழங்கள் ஆகியவற்றையும் வெட்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும். இறுதியாக, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் அலசுங்கள். நீர் தளதளவென்று ஒரு நிமிடமேனும் கொதித்திருக்க வேண்டும்.

4. மழைக்காலத்தில் கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, உடனே வடித்து ஆறவைப்பதே பாதுகாப்பானது. கொத்தமல்லி, புதினாவையும் அதே நீரில் சில நொடிகள் அமிழ்த்தி எடுக்கலாம்.

5. கீரையை நறுக்கி, வெள்ளரி, கொய்யா, மாதுளை, பன்னீர் ஆகியவற்றைச் சேருங்கள். மேற்கலவையைத் தனியே நன்கு அடித்து, உண்ணும் நேரத்தில் ஊற்றிக் கலந்து, வேர்க்கடலையைத் தூவுங்கள்.

6. உண்டபின் மீண்டும் சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே தறிக்குச் செல்லுங்கள். விரலிலுள்ள எண்ணெய் பட்டிலும் சரிகையிலும் கறையாகும்.

உப்புநீரில் ஊறவைத்தால் போதாதா?

போதாது. உப்புநீர் சிறு புழுக்களை உதிர்க்க உதவும். ஆனால் டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளையோ, நாடாப்புழுவின் முட்டைகளையோ அது அழிப்பதில்லை. கழிவுநீர் பட்ட கீரையில் ஒட்டியுள்ள பன்றி நாடாப்புழு முட்டைகள் உடலுள் சென்றால், மூளையில் நீர்க்கட்டிகள் தோன்றி வலிப்பு ஏற்படலாம். நன்றாகக் கழுவுவது ஆபத்தைக் குறைக்கும்; முழுமையாக நீக்காது. அதனால்தான் கொதிநீரில் அமிழ்த்துமாறு கூறுகிறோம்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

வெட்டிய சாலடை வெளியில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்காதீர்கள். மேற்கலவை ஊற்றாததை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வரை வைக்கலாம். மழையால் 4 மணி நேரத்திற்கு மேல் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் அதை உண்ணாதீர்கள். தெருவில் வெட்டி வைத்து விற்கும் பழங்களை இக்காலத்தில் தவிர்க்கவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நீரிழிவு நோயாளிகள்: ஒரு வேளைக்குப் பாதிக் கொய்யாவும் ஒரு கைப்பிடி மாதுளையும் போதும். சீத்தாப்பழத்தைச் சேர்த்தால் மற்ற பழங்களை விட்டுவிடுங்கள். பழச்சாறாக்க வேண்டா. இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்போர், வழக்கமான இட்லியையோ சோற்றையோ முற்றிலும் விட்டுவிட்டுச் சாலட் மட்டும் உண்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்.

சிறுநீரக நோயாளிகள்: கீரை, கொய்யா, மாதுளை ஆகியவற்றில் பொட்டாசியம் உள்ளது, பன்னீரில் பாஸ்பரஸ் உள்ளது. மருத்துவர் கூறிய அளவை மீறாதீர்கள். நட்சத்திரப் பழத்தை அறவே தவிர்க்கவும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சாகலாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகுமரால் மாத்திரை எடுப்போர்: கீரையில் வைட்டமின் கே மிகுதி. கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ண வேண்டும். திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கர்ப்பிணிகள்: இரும்புச்சத்து மாத்திரையைப் பன்னீர், தயிர் ஆகியவற்றுடன் சேர்த்து எடுக்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கீரையைக் கொதிநீரில் அமிழ்த்திய பிறகே உண்ணுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்: காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுடன் தங்கியிருக்கும் உறவினர்கள் அன்போடு சமைத்துத் தரும் உணவில் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், மற்றவர்க்கு வயிற்றுப்போக்கோடு முடியும் கிருமி இவர்களுக்கு உயிராபத்தாகலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை பச்சைக் கீரை, தோலுடன் உண்ணும் பழம் ஆகியவற்றைத் தராதீர்கள். அதே கீரையை நன்கு வேகவைத்து, பன்னீரையும் அதனுடன் ஒரு கொதி விட்டு, சூடாகக் கொடுங்கள். பழத்துக்கு, வீட்டில் கழுவித் தோலுரித்த வாழைப்பழமோ பப்பாளியோ தரலாம். அவர்கள் உணவை மறுக்கும் நாள்களில் வற்புறுத்தாமல், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• காய்ச்சல் 3 நாள்களுக்கு மேல் நீடித்தால்
• மலத்தில் இரத்தம் கலந்திருந்தால்
• கண் மஞ்சளானாலும் சிறுநீர் அடர்நிறமானாலும்
• வயிற்றுப்போக்குடன் சிறுநீர் குறைந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ
• முதன்முறையாக வலிப்பு வந்தால்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்குக் காய்ச்சல் வந்தால் 3 நாள் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உங்கள் இல்லத்திற்கே மாத்திரை வருகிறது எனில், வரும் பணியாளரிடம் நீங்கள் உண்ணும் உணவைப் பற்றியும் கூறுங்கள். சாலட் மருந்துக்குத் துணையே தவிர, மாற்றன்று. மாத்திரையை நிறுத்தாமல், கீரையைத் தூய்மையாக உண்ணுங்கள்.