ஃபுல் சைஸ் பிக்கப் டிரக்: ரிவியூ சொல்வது ஒன்று, ஓனர் சொல்வது வேறு... எதை நம்புவது?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்க நினைப்பவர் முதலில் செய்யும் வேலை, ரிவியூ பார்ப்பது. ஒரு ரிவியூ 'செம வண்டி' என்கிறது. அதையே மூன்று வருடம் ஓட்டியவர் 'தொடவே தொடாதீங்க' என்கிறார். இன்னொருவரோ '2 லட்சம் மைல் ஓடிடுச்சு, ஒரு பிரச்னையும் இல்ல' என்கிறார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அது எப்படி?

ஃபுல் சைஸ் என்றால் எவ்வளவு பெருசு?

இந்தியாவில் பிக்கப் என்றதும் நினைவுக்கு வரும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ வி-கிராஸ் எல்லாம் அங்கே நடுத்தர ரகம்தான். ஹைலக்ஸ் நீளம் சுமார் 5.3 மீட்டர். நான்கு கதவு கொண்ட ஃபோர்டு எஃப்-150 சுமார் 5.9 மீட்டர். அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலேயே 2 மீட்டர்.

எஃப்-150, செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா ஆகியவைதான் இந்தப் பிரிவின் முக்கிய வண்டிகள். 1948ல் அறிமுகமான ஃபோர்டின் எஃப் சீரிஸ், 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப்.

போட்டியாளர்கள் குறைவாக இருக்க ஒரு காரணம், இறக்குமதி பிக்கப்களுக்கு 1964 முதல் இருக்கும் 25% வரி. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்ததால், அதன் பெயரே 'சிக்கன் டாக்ஸ்'. டொயோட்டாகூட டன்ட்ராவை டெக்சாஸில்தான் தயாரிக்கிறது.

இவை 50 ஆயிரம் டாலருக்கு மேல் விலை போவது சர்வசாதாரணம். தவறான வண்டி அமைந்துவிட்டால், லோன் முடியும் வரை தலைவலிதான்.

ஒரே பெயர், பல வண்டி

கருத்துகள் முரண்பட முதல் காரணம் இதுதான். எஃப்-150 என்ற ஒரே பெயரில் டர்போ வி6, வி8, ஹைபிரிட் என்று பல இன்ஜின்கள். பின்பக்க சரக்குப் பெட்டி 5.5, 6.5, 8 அடி என மூன்று நீளம். கேபினிலும் பல வகை. ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் பெயரளவில்தான் ஒரே வண்டி. இன்ஜினும் மாடல் வருடமும் தெரியாத கருத்தால் பெரிய பயன் இல்லை.

ரிவியூவில் தெரியாதது என்ன?

பத்திரிகையாளர்களுக்குக் கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் எல்லா வசதியும் உள்ள புது வண்டி. அதுவும் சில நாட்களுக்கு. சீட், சத்தம், வேகம், பிரேக் பற்றி அவர்கள் சொல்வதை நம்பலாம். ஆனால் 1 லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உதாரணமாக, ஜெனரல் மோட்டார்ஸின் வி8 இன்ஜின்களில், எரிபொருளை மிச்சப்படுத்த சில சிலிண்டர்கள் தானாக ஓய்வெடுக்கும். அந்த ஏற்பாட்டில் உள்ள லிஃப்டர்கள் பழுதாவதாக ஓனர்கள் புகார் சொன்னார்கள். ஃபோர்டின் 10 கியர் ஆட்டோமேட்டிக்கில் வண்டி குலுங்குவதாகவும் புகார்கள் வந்தன. இதெல்லாம் ஓட்ட ஓட்டத்தான் தெரியும்.

அதற்காக ஓனர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. கோபத்தில் இருப்பவர் அதிகம் எழுதுவார். நல்லபடியாக ஓட்டிக்கொண்டிருப்பவர் எழுதவே மாட்டார். பெரிய தொகை கொடுத்த சிலருக்குக் குறையை ஒப்புக்கொள்ள மனசு வராது.

ஜே.டி. பவர் சர்வேக்களிலும் கவனம் தேவை. ஒன்று, வாங்கிய 90 நாள் அனுபவத்தைக் கேட்பது. இன்னொன்று, மூன்று வருடப் பழைய வண்டிகளைப் பற்றியது. இரண்டுமே 100 வண்டிக்கு எத்தனை பிரச்னை என்று எண்ணுகின்றன. டச் ஸ்கிரீன் தகராறும் ஒரு பிரச்னைதான், இன்ஜின் கோளாறும் ஒரு பிரச்னைதான்.

பிராண்ட் பெயரை நம்பினால் போதுமா?

2007 மாடல் டன்ட்ரா ஒன்று 10 லட்சம் மைல் ஓடியது. டொயோட்டாவே அதைத் திரும்பப் பெற்று ஆராய்ந்தது. உரிமையாளருக்குப் புது வண்டி கிடைத்தது. ஆனால் 2022 மாடலில் வி8 போய் ட்வின் டர்போ வி6 வந்தது. 2024 மே மாதம், உற்பத்தியின்போது இன்ஜினுக்குள் தங்கிய உலோகத் துகள்கள் காரணமாக, 2022-23 மாடல் டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகள் சுமார் 1 லட்சம் ரீகால் செய்யப்பட்டன.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் முறை. 6.2 லிட்டர் வி8 கொண்ட 2021-24 மாடல் டிரக், எஸ்யுவிகள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் ரீகால் ஆயின. பழைய மாடலின் நல்ல பெயர், புது இன்ஜினுக்கு கேரண்டி ஆகாது.

ஓனர்கள் பேச்சுக்கு இறங்கி வந்த கம்பெனி

ராம் 1500ல் 2025 மாடலுக்கு ஹெமி வி8 நிறுத்தப்பட்டது. பதிலாக வந்த 6 சிலிண்டர் டர்போ இன்ஜினின் சக்தி 420 குதிரைத்திறன், ஹெமிக்கு 395தான். பேப்பரில் புதுசு ஜெயித்தது. ஆனாலும் ஓனர்கள் வி8 சத்தத்தைத்தான் கேட்டார்கள். 2026 மாடலில் ஹெமி திரும்பி வந்துவிட்டது.

விளம்பர எண்ணில் ஒளிந்திருக்கும் கணக்கு

எஃப்-150 அதிகபட்சம் 13,500 பவுண்டு, அதாவது சுமார் 6,100 கிலோ இழுக்கும் என்கிறது விளம்பரம். அது குறிப்பிட்ட இன்ஜினும் உபகரணமும் சேர்ந்தால் மட்டுமே. வாங்குபவர் பார்க்க வேண்டியது, டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்த்து அந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது அதில் இருக்கும்.

உதாரணத்துக்கு, ஸ்டிக்கரில் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குடும்பமும் சாமான்களும் 320 கிலோ. மீதி 380. டிரெய்லர் எடையில் 10 முதல் 15% வரை டிரக்கின் மேல் அழுத்தும். 3,600 கிலோ டிரெய்லருக்கு 12% என்றாலே 432 கிலோ. ஆக, லிமிட் தாண்டிவிட்டது! 'இழுக்கவே முடியல' என்று புலம்பும் ஓனர்கள் பலர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான்.

அப்போ, எப்படிப் படிக்கலாம்?

* இன்ஜின், மாடல் வருடம், ஓடிய தூரம் மூன்றும் உள்ள கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* ஒரே புகார் பலரிடமிருந்து, ஒரே கிலோமீட்டர் அளவில் வருகிறதா என்று பாருங்கள்.
* அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் புகார்களைப் படிக்கலாம். வண்டியின் விஐஎன் எண் கொடுத்து ரீகால் நிலவரமும் பார்க்கலாம்.
* புதிய இன்ஜின் வந்த முதல் வருட மாடலுக்கு அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக, ஓனர் கருத்துகளில் அதிகம் வராத ஒரு தரப்பு, சாலையில் நடந்து போகிறவர். முன்பக்க பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, சரிந்த முகப்பும் கொண்ட வண்டிகளைவிட உயிரிழப்புக்கான வாய்ப்பு சுமார் 45% அதிகம் என்று அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023ல் கண்டறிந்தது. டெஸ்ட் டிரைவ் போகும்போது, முன்னால் ஒரு குழந்தை நின்றால் தெரியுமா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.