வெடியுப்பும் மண்ணின் வெப்பமும்

பிளாசிப் போர் 1757-இல் நிகழ்ந்ததை அறிவீர்கள். மறு ஆண்டில் கிளைவ் பெற்ற ஓர் உரிமையைப் பாடநூல்கள் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை. பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையை மீர்ஜாபரிடமிருந்து அவர் கும்பினிக்குப் பெற்றுத் தந்தார். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. ஏனையவை கரியும் கந்தகமுமே. ஆதலின் இவ்வுரிமையைப் பிளாசி வெற்றிக்கு நிகரானதென்றே நான் கருதுகிறேன்.

ஏழாண்டுப் போரில் வெடியுப்பின்றித் திண்டாடிய பிரான்சு, 1775-இல் வேதியியல் மேதை லவாய்சியரையே வெடிமருந்து நிருவாகத்தில் அமர்த்தியது. குளிர்நாடாகிய அங்கே சாணமும் சிறுநீரும் சுண்ணாம்பும் கலந்த மண்மேடுகளைக் கட்டி, உப்பு விளைய நெடுநாள் காத்திருந்தனர். பீகாரிலோ நோனியா மக்கள் ஊர்ப்புற மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்துக் காய்ச்சினர், உப்புக் கிடைத்தது.

இவ்வேறுபாட்டின் மறைபொருள் 1877-இல் துலங்கத் தொடங்கியது. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக வடியவிட்டனர். இருபது நாள்வரை மாற்றம் எதுவுமில்லை. பின்னரே நைட்ரேட்டு, அதாவது வெடியுப்பின் உயிர்ப்பகுதி, தோன்றிற்று. வெறும் வேதிவினையாயின் இருபது நாள் காத்திருப்பானேன்? குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினர்; வேலை நின்றது. மண் கரைத்த நீர் சிறிது ஊற்றினர், மீண்டும் தொடங்கியது. செய்தது உயிர்ப்பொருள் என்பது உறுதியாயிற்று. அந்நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி 1890-இல் தனியே பிரித்தெடுத்தார்.

அவ்விருவர் வெப்பத்தையும் மாற்றிப் பார்த்தனர். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வேலை ஏறக்குறைய இல்லை, 37-இல் உச்சம், 55-இல் அறவே இல்லை. இன்றைய ஆய்வாளர் உச்சத்தைப் பெரும்பாலும் 25 முதல் 35 வரை வைப்பர். பீகார் மண்ணோ ஆண்டின் பெரும்பகுதி அவ்வெப்பத்திலேயே இருப்பது. வெப்பம் ஒன்றே காரணமன்று. மழைக்குப் பின் வரும் நெடிய வறட்சியில் ஈரம் மேலேறி உலர, உப்பு தரையில் பூத்தது.

நம் சேலம், நாமக்கல் சமவெளி மண்ணும் வெப்ப மண்ணே. நான் வாழும் நாமகிரிப்பேட்டையில் வைகாசியில் மஞ்சள் நடுமுன் தொழுவுரம் இறைப்பர். கோடைமழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை விரைந்து நைட்ரேட்டாக்கும். பயிருக்கு அது விருந்து. ஆனால் நைட்ரேட்டு நீரோடு ஓடும் இயல்பினது. பற்றிக்கொள்ள வேரில்லையேல் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். இடும் இரசாயன உரம் மிகுந்தாலும் இதுவே கதி. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாதென்பது இந்தியத் தரக்கட்டளை. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க இயலாது, உடல் நீலம் பாரிக்கும்.