அப்பாவோட கோபர் கேஸ் டிரம்மைத் தின்னது யார்?

போன வாரம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய கோபர் கேஸ் டிரம்மை ஒருவழியா வெளியே தூக்கினோம். குழிக்குள்ள ஆள் யாரையும் இறக்கல. மேல இருந்தே சங்கிலி போட்டு இழுத்தது. சாணக்குழி விஷவாயுல மூச்சு நின்னு போனவங்க கதை எங்க பக்கம் நிறைய உண்டு.

டிரம்மைக் கழுவிப் பார்த்தப்போ ஒரு ஆச்சரியம். இத்தனை வருஷமா சேத்துக்குள்ள மூழ்கிக் கிடந்த அடிப்பாகம் சுத்தியலால தட்டினா இன்னமும் கணீர்ங்குது. சேறே படாத மேல்மூடி சல்லடை மாதிரி இருக்கு. விரலை வெச்சு அழுத்தினா உள்ள போயிடுது. ஈரத்துல இருந்ததுதானே முதல்ல துருப்பிடிக்கணும்?

இந்த டிரம்மால எங்க வீட்டுல ஒரு பகை உண்டு. 1984ல அப்பா கடன் வாங்கிப் போட்ட பிளான்ட் இது. அம்மா புகையில்லாம சமைச்சது அப்போதான். எட்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் மாடுகளை வித்தோம், பிளான்ட் சும்மா கிடந்தது. ரெண்டு மழைக்காலம் கழிச்சு மறுபடி ஓட்டலாம்னு பார்த்தா மூடியெல்லாம் ஓட்டை. "மட்டத் தகட்டைப் போட்டு ஏமாத்திட்டான்"னு அப்பா பட்டறைக்காரர் மேல பழி போட்டார். சாகுற வரைக்கும் அவர்கூட பேசல. நானும் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன்.

சிட்டியில இருக்கிறவங்களுக்காக இந்த டிரம்மோட வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிடறேன். சாணத்திலிருந்து வாயு எடுக்கும் ஆராய்ச்சி 1930களின் இறுதியிலேயே டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. 1950களில் ஜஷ்பாய் படேல் அதை விவசாயி வீட்டுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்தார். கிணறு மாதிரி ஒரு குழி, அதில் சாணக் கரைசல், மேலே கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் எழும்பும். அடுப்பு எரிய எரிய இறங்கும். 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மவுசு கூடியது. 1981-82ல் தேசிய அளவில் மானியத் திட்டமே வந்தது. எங்க பிளான்ட் அந்த அலையில வந்ததுதான்.

சாண வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். கூடவே ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகின முட்டை நாத்தம் அதனுடையதுதான். ஈரத்தோடு சேர்ந்து அது இரும்பைத் தொட்டால் இரும்பு சல்பைடு என்ற கறுப்புப் படலம் படியும். காற்று வராத இடத்தில் அந்தப் படலம் ஓரளவு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு அரிப்பதைத் தாமதப்படுத்தும். கறுத்துப் போன அடிப்பாகம் பிழைத்தது அதனால்தான்.

அந்த இடத்தில் கொஞ்சமாகக் காற்று புகுந்தால் கதை மாறிடும். ஆக்சிஜன் பட்டதும் கறுப்புப் படலம் துருவாகவும் கந்தகமாகவும் பிரியும். போர்வை பொலபொலன்னு உதிரும். தங்கின கந்தகம் ஈரத் தகட்டில் ஒட்டி அரிக்கும். அதிலிருந்து அமிலமும் உண்டாகும். திரும்ப வாயு பட்டால் துரு கறுக்கும், காற்று பட்டால் மறுபடி துருவாகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடுக்கு இரும்பு போயிடும்.

இந்தக் குணத்தை மனுஷன் வேலைக்கும் வெச்சிருக்கான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரி வாயுவில் விளக்கு எரித்தபோது, அதைத் துருப்படுக்கை வழியாக விட்டுத்தான் நாத்தத்தைப் போக்கினார்கள். துரு கறுத்ததும் வெளியே கொட்டிக் காற்றாட விடுவார்கள். மறுபடி துருவாகி வேலைக்கு வரும். இன்றைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பழைய தொட்டியைத் திறக்கும்போது உள்ளே படிந்த கறுப்புப் பொடியை நனைத்தே வைப்பார்கள். காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

இப்போ எங்க டிரம்முக்கு வருவோம். ஓடின காலத்துல பக்கவாட்டுல ஒரு பட்டை மட்டும்தான் அரிச்சுது. தினமும் சேத்துல முங்கி, எழும்பிக் காத்து வாங்குற பகுதி அது. அப்பா வருஷா வருஷம் கறுப்புப் பெயின்ட் அடிச்சு அதைக் காப்பாத்தினார். உள்ளே வாயு மட்டும் நிறைஞ்சிருந்ததால மூடி தாக்குப்பிடிச்சுது. பிளான்ட் நின்னதும் கரைசல் வத்தி டிரம் திட்டுல உக்காந்துடுச்சு. ரப்பர் குழாயை எலி கடிச்சுடுச்சு, வால்வைத் திறந்தபடியே விட்டுட்டோம். அடியில பழைய சாணம் கொஞ்சங் கொஞ்சமா வாயு விட்டுக்கிட்டே இருக்க, மேல இருந்து காத்தும் உள்ள போச்சு. எட்டு வருஷம் உழைச்ச மூடி, ரெண்டு மழையில போச்சு.

நாட்டிலும் இதே தலைவலிதான். செலவில் பெரும்பங்கு இரும்பு டிரம்முக்கே போனது. முதலில் கெட்டதும் அதுதான். 1978ல் உத்தரப் பிரதேசத்தின் அஜித்மல் ஆராய்ச்சி நிலையத்தில் இரும்பே இல்லாத செங்கல் குவிமாட 'ஜனதா' மாடல் வந்தது. 1984ல் அதைவிட மலிவாக 'தீனபந்து' வந்தது. டிரம் வேணும்னவங்களுக்குக் கண்ணாடி இழை டிரம் வந்தது. அப்பா இரும்பு டிரம் வாங்கின அதே வருஷம் தீனபந்து பிறந்திருக்கு. எங்க ஊருக்கு அந்தச் சேதி வந்து சேரல, அவ்வளவுதான்.

பட்டறைக்காரரும் இப்போ இல்லை. மகன்தான் பட்டறையைப் பார்த்துக்கறார். டிரம்மோட அடித்தகட்டுல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போய் அவர் கையில கொடுத்தேன். "உங்கப்பா போட்ட தகடுங்க. நல்ல தகடு. வால்வை மூடாம விட்டது நாங்கதான்"னு சொன்னேன். அவர் அதைத் தட்டிப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் டீ சொன்னார்.