மணிக்கட்டின் கணக்கு

1986 ஏப்ரல் 11 காலை, மயாமியின் தெற்குப் புறநகர் ஒன்றில், ஏழரை கிராம் எடையுள்ள 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று மைக்கேல் பிளாட் என்ற கொள்ளைக்காரனின் வலது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது. இதயத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் ஆள் விழவில்லை, ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். அந்தத் தோட்டாவைச் சுட்ட ஜெர்ரி டவ், அவருடைய சகா பெஞ்சமின் க்ரோகன் என்ற இரண்டு எஃப்பிஐ ஏஜென்டுகளும் செத்துப்போனார்கள். இன்னும் ஐந்து ஏஜென்டுகளுக்குக் காயம். எதிரே இருந்தது இரண்டே பேர்.

எஃப்பிஐ குற்றவாளியாகப் பிடித்தது அந்தத் தோட்டாவை. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. கார்கள் மோதியதில் க்ரோகனின் கண்ணாடி தொலைந்தது, கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு ரைஃபிளை எதிர்கொண்டார்கள். விசாரிக்க வேறு எவ்வளவோ இருந்தது. ஆனால் தோட்டா என்றால் புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம் அல்லவா?

வாங்கப் போனது 10 மில்லிமீட்டர். 1983-இல் ப்ரென் டென் என்ற பிஸ்டலோடு வந்த தோட்டா அது. பின்னணியில் இருந்தவர் ஜெஃப் கூப்பர், தயாரித்தது ஸ்வீடனின் நோர்மா கம்பெனி. 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம் ஈயம், விநாடிக்கு 1200 அடி வேகம். பிஸ்டல் தோட்டாக்களில் அது ஒரு காட்டெருமை.

எஃப்பிஐயின் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜான் ஹால் அதைச் சோதித்துவிட்டு ஒரு காரியம் செய்தார். தோட்டாவை 180 கிரெய்னாக்கி, மருந்தைக் குறைத்து, வேகத்தை 950 அடி சுமாருக்கு இறக்கினார். ஜெலட்டின் கட்டிக்குள் 12 அங்குலமாவது போக வேண்டும் என்பதுதான் எஃப்பிஐ வைத்த அளவுகோல். அதற்கு இந்த வேகமே போதும். மிச்சமெல்லாம் சுடுகிறவன் கைக்குத்தான் போகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. தோட்டா முன்னே போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு துப்பாக்கியும் பின்னே வரும், மருந்துப் புகையின் தள்ளல் அதற்கு மேல். குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் அந்த உதை நேராக வராது. மணிக்கட்டைச் சுற்றித் திருகும், குழல்முனை எகிறும். அது கீழே இறங்கும்வரை அடுத்த குறி கிடையாது. ஹாலின் தோட்டாவில் உந்தம் நோர்மாவுடையதில் முக்கால் பங்குக்கும் கீழே. உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தில் போவதால் அது கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

உதையைவிட மோசமானது உதை வரப்போகிறது என்ற எண்ணம். நான் என்சிசியில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் சுட்டிருக்கிறேன். அதில் உதை என்று சொல்லவே ஒன்றுமில்லை. அதற்கே விசையை இழுக்கும் முன் தோளைச் சுருக்கிக்கொள்வோம், குண்டு எங்கேயோ மண்ணில் போய் விழும். அப்படியென்றால் 10 மில்லிமீட்டருக்கு என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள்.

துப்பாக்கி வட்டாரம் ஹாலின் தோட்டாவை 'எஃப்பிஐ லைட்' என்று கிண்டலடித்தது. ஸ்மித் அண்ட் வெசன்காரர்கள் மட்டும் வேறொன்றைக் கவனித்தார்கள். மருந்து குறைந்துவிட்டது, தோட்டாவின் கூடு மட்டும் எதற்கு அவ்வளவு நீளம்? வெட்டிச் சுருக்கினால் 9 மில்லிமீட்டருக்கான சின்ன உடம்புக்குள்ளேயே அடங்கிவிடுமே! வின்செஸ்டரோடு சேர்ந்து செய்தார்கள். 1990 ஜனவரி 17 அன்று பாயிண்ட் 40 எஸ் அண்ட் டபிள்யூ வெளியானது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சுடும் பிஸ்டலை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது க்ளாக்.

அமெரிக்கப் போலீஸ் முழுக்க இந்தத் தோட்டா பரவியது. 1997-இல் எஃப்பிஐயும் க்ளாக்கோடு இதற்கு மாறியது. ஆனால் ஹால் குறைத்த உதை இங்கே பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது என்பது என் எண்ணம். 10 மில்லிமீட்டர் சுட்ட எஃகுப் பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல். க்ளாக்கின் உடம்பு பாலிமர், காலியாக முக்கால் கிலோகூட இல்லை. ஏறக்குறைய அதே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டால் அது வேகமாகத்தானே பின்னால் வரும்? சுமப்பதற்கு லேசு, சுடும்போது வெடுக்கென்று எகிறும்.

2014-இல் எஃப்பிஐ பயிற்சிப் பிரிவு எழுதிய குறிப்பு 9 மில்லிமீட்டருக்கே திரும்பலாம் என்றது. நிஜச் சண்டையில் போலீஸார் சுடுவதில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது. பெரும்பாலான ஏஜென்டுகள் 9 மில்லிமீட்டரில்தான் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள். இதுதான் வாதம். நியாயமாகச் சொல்வதென்றால், இது டவ் கையிலிருந்த அதே 9 மில்லிமீட்டர் இல்லை. அந்த 12 அங்குலப் பரீட்சைக்காகவே கம்பெனிகள் தோட்டாவை மாற்றி மாற்றி வடிவமைத்திருந்தன. அந்தப் பரீட்சையை எழுத வைத்தது மயாமிதான். ஆனாலும் சின்ன உதைதான் பலருக்கும் நல்லது என்பது ஹால் மருந்தைக் குறைத்த அன்றைக்கே தெரிந்த விஷயம். அதற்கு இத்தனை வருஷம் சுற்றியிருக்க வேண்டுமா?

மயாமிச் சண்டையை முடித்து வைத்தவர் எட்மண்டோ மிரேலெஸ் என்ற ஏஜென்ட். இடது முன்கை எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. ஒற்றைக் கையால் ஷாட்கன்னில் ஐந்து முறை சுட்டுத் தீர்த்துவிட்டு, ரிவால்வரை உருவிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் இருந்த காரை நோக்கி நடந்தார். பாயிண்ட் 357 மேக்னம் ரிவால்வர் அது. உள்ளே போட்டிருந்தது மேக்னம் தோட்டா அல்ல. அதைவிட உதை குறைந்த பாயிண்ட் 38 ஸ்பெஷல் ப்ளஸ் பி. அந்த ஒற்றைக் கையாலேயே ஆறு முறை சுட்டார்.