சாண எரிவாயுவும் பாசித் தொட்டியும்

சாண எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் கரைசலில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் செறிந்திருக்கும். ஏரியில் கலந்தால் நீர் கெடும். நுண்பாசிக்கோ அவையே உணவு. 1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்டு இப்படிப் பாசி வளர்ப்பதைச் சாக்கடை நீரில் செய்து காட்டினார். சென்னைத் தரமணியில், சி.வி. சேஷாத்ரியின் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் 1970களின் இறுதியில் மலிவான சத்துகளைக் கொண்டு ஸ்பைருலினா வளர்த்தது. சுருள் இழையான இந்தப் பாசியைத் துணியிலேயே வடிகட்டலாம். ஒற்றைச் செல் பாசியான குளோரெல்லாவில் அது நடக்காது. சின்ன வேறுபாடுதான், கிராமத்தில் செலவைத் தீர்மானிப்பது அதுவே.

கரைசல் மட்டுமல்ல, வாயுவும் பாசிக்கு உதவும். சாண எரிவாயுவில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் கரியமில வாயு. காரத்தன்மையுள்ள பாசிநீரில் குமிழவிட்டால் அது கரைந்து பாசிக்கு இரையாகும். எரிவாயுவில் எரியும் பகுதியான மீத்தேனின் செறிவு கூடும். ஆனால் பாசி விடும் ஆக்சிஜன் மீத்தேனோடு சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் வாயுவைத் தனிக் குழாயில் பாசிநீரால் கழுவும் முறை உருவானது.